டைட்டனும் எட்ஜ்ரன்னர்ஸும் பிடித்தவர் அடுத்து எதைப் பார்க்கலாம்?

தங்கச்சி, நீங்கள் கேட்டது மேலோட்டமாகப் பார்த்தால் சின்னக் கேள்விதான். 'அட்டாக் ஒன் டைட்டன்' என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர் முழுவதையும் பார்த்து முடித்துவிட்டீர்கள். 'சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்' 10 எபிசோடையும் ஒரே இரவில் பார்த்துவிட்டு, விடிந்ததும் வீங்கிய கண்ணோடு வேலைக்குப் போயிருக்கிறீர்கள். பிறகு பட்டியல்களை நம்பி 'கபனேரி'யைத் தொடங்கிப் பாதியில் விட்டீர்கள். எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் 'கௌபாய் பீபாப்' 4ஆவது எபிசோடோடு நின்றுவிட்டது. ஆக்‌ஷனும் அறிவியல் புனைகதையும் கலந்து இதே மாதிரி வேறு என்ன இருக்கிறது, 13 வயதுத் தம்பியும் சிலவேளை பக்கத்தில் இருப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: இதே மாதிரி என்று ஊரே சொல்லித் தருவது ஏன் இதே மாதிரி இருப்பதில்லை? முதலில் அதைப் பார்ப்போம். இல்லாவிட்டால் நானும் பத்துப் பெயரைக் கொட்டிவிட்டுப் போவதில் பிரயோசனம் இல்லை.

நான் இப்போது வீடியோ எடிட்டிங் செய்கிறேன். அதற்கு முதல், டிவிடி காலத்தில், வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு கடையில் வருடக்கணக்காக நின்றவன். அனிமே தட்டு என் பொறுப்பில்தான் இருந்தது. "என்ன மாதிரி வேணும்?" என்று கேட்டால் பள்ளிக்கூடப் பெடியன்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "நல்ல ஃபைட் இருக்கோணும் அண்ணா." அதை வைத்து ஒன்றும் எடுத்துக் கொடுக்க முடியாது. எனவே வேறு மாதிரிக் கேட்கப் பழகினேன்: "எந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தீங்க?" ஒருவன் வாள் சண்டையைச் சொல்வான். மற்றவன் ஒரு ஆள் சாகும் இடத்தைச் சொல்வான். இன்னொருவன், இவ்வளவு நாளும் நம்பியது பொய் என்று தெரியவரும் இடத்தைச் சொல்வான். ஒரே டிஸ்கைக் கொண்டுபோன மூன்று பேருக்கும் அடுத்ததாகக் கொடுக்க வேண்டியது மூன்று வெவ்வேறு டிஸ்க். ஆக்‌ஷன், அறிவியல் புனைகதை என்ற லேபிள் கடையில் தட்டைப் பிரிக்க உதவும். ரசனையைப் பிரிக்க உதவாது.

டைட்டனையே எடுங்கள். மனிதரைத் தின்னும் ராட்சதர்களுக்குப் பயந்து மதிலுக்குள் வாழும் ஆட்களின் கதை. 2013இல் விட் ஸ்டூடியோ தயாரிப்பில், அராகி டெட்சுரோ இயக்கத்தில் வந்த முதல் சீசனின் பெரிய கவர்ச்சி அசைவுதான். கம்பியில் தொங்கிப் பறக்கும் ஆளோடு கமராவும் கூடவே பறக்கும். இமாய் அரிஃபுமி என்ற அனிமேட்டர் வரைந்த, லீவாய் என்ற வீரனின் சண்டைகளை நான் தொழிலுக்காக ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, மதிலுக்கு வெளியே என்ன இருக்கிறது, நமக்கு யார் பொய் சொன்னார்கள் என்ற புதிர். மூன்றாவது, கடைசிப் பகுதி: எதிரியின் வீட்டுக்குள் போய், அங்கேயும் பிள்ளைகள் மேசையில் இருந்து சாப்பிடுவதைப் பார்க்கிற சங்கடம். முதலாவதுக்காக வந்தவர்கள் பலர் கடைசிப் பகுதியில் கோபித்துக்கொண்டு போனார்கள். மூன்றாவதுக்காக இருந்தவர்களுக்கு முதல் சீசன் இப்போது கொஞ்சம் சத்தமாகத் தெரியும்.

இனி 'கபனேரி'. 2016இல் வந்தது, 12 எபிசோட். அதே அராகி, அதே விட் ஸ்டூடியோ, இசையும் அதே சவானோ ஹிரோயுகி. மதில் போட்ட நிலையங்கள், இடையில் ஓடும் நீராவி ரயில், வெளியில் மனிதரைத் தின்னும் பிணங்கள். எந்தப் பட்டியலும் இதைத்தான் முதலில் போடும், போடுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன மூன்றில் அதில் இருப்பது முதலாவது மட்டும். முதல் மூன்று எபிசோட் அபாரம். அதன் பிறகு வரும் வில்லன் கதையை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவான். பாதியில் விட்டதற்கு நீங்கள் கவலைப்படத் தேவையில்லை.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: டைட்டனில் மறக்க முடியாதது மார்லி பகுதி, அதாவது அந்த எதிரி நாட்டுக்குள் போகும் பகுதி, என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஒன்றே ஒன்று: 'எய்ட்டி சிக்ஸ்'. அசாட்டோ அசாட்டோ எழுதிய நாவல் தொடரிலிருந்து 2021இல் ஏ-1 பிக்சர்ஸ் எடுத்தது, 23 எபிசோட். சான் மக்னோலியா என்று ஒரு குடியரசு. மதிலுக்குள்ளே 85 மாவட்டங்கள். அங்கே வெள்ளி நிற முடியுள்ள இனத்தவர் மட்டும் வாழ்கிறார்கள். மற்ற எல்லோருடைய உரிமைகளையும் பறித்து, 86ஆவது என்று பெயர் வைத்து வெளியே தள்ளியாயிற்று. பக்கத்துப் பேரரசின் தானியங்கி இயந்திரப் படையோடு யுத்தம் நடக்கிறது. தலைநகரில் ஒவ்வொரு நாளும் செய்தி: இன்றும் எமது தரப்பில் உயிரிழப்பு இல்லை, எமது இயந்திரங்களில் ஆளே இல்லை. உள்ளே ஆள் இருக்கிறது. அந்த ஆட்கள் மனிதக் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

லேனா என்ற இளம் அதிகாரி தலைநகரில் உட்கார்ந்துகொண்டு, குரல் வழியாக மட்டும் ஒரு படைப்பிரிவை நடத்துகிறாள். நல்லவள். அவர்களோடு மரியாதையாகக் கதைப்பாள், அவர்களுக்காக மேலிடத்தோடு சண்டை பிடிப்பாள். 3ஆவது எபிசோடில் அந்தப் பிரிவில் ஒரு பிள்ளை செத்துப்போகிறது. லேனா குரல் தழுதழுக்க ஆறுதல் சொல்கிறாள். மறுமுனையில் ஒருவன் வெடிக்கிறான்: இவ்வளவு நாளாகக் கதைக்கிறாய், எங்கள் பெயரை ஒரு தரமாவது கேட்டாயா? உண்மைதான், அவள் கேட்கவே இல்லை. குறியீட்டுப் பெயர்களை வைத்தே கதைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இயக்குநர் இஷீ டோஷிமாசா இதை எடுத்த விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே நிமிடங்களை முதலில் ஒரு பக்கத்திலிருந்தும் பிறகு மறுபக்கத்திலிருந்தும் காட்டுவார். லேனாவின் அறையில் நாம் கேட்ட ஒரு சின்ன இடைவெளி, அங்கே போர்க்களத்தில் என்னவாக இருந்தது என்று பிறகுதான் தெரியும். எடிட்டிங் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வெட்டி ஒட்டும் வேலையையே கதையின் நியாயமாக மாற்றுவது லேசான காரியம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வன்னி யுத்தச் செய்தியைக் கொழும்பில் ஒரு அறைக்குள் இருந்து ரேடியோவில் கேட்ட வீடுகள் எத்தனையோ. அந்த வயது ஆட்களுக்கு லேனாவின் நாற்காலி வெறும் கற்பனையாக இருக்காது. என் தலைமுறையில் சிலரால் இந்தத் தொடரைத் தொடர்ந்து பார்க்க முடியவில்லை, அது படத்தின் குறை இல்லை. வீட்டில் அப்பா அம்மாவோடு ஹோலில் போட்டுப் பார்க்க முதல் ஒருக்கால் யோசியுங்கள். மற்றபடி, முதல் இரண்டு எபிசோட் ஆறுதலாகத்தான் போகும். 4ஆவது வரை பொறுத்திருங்கள். அதற்குள் பிடிக்காவிட்டால் தாராளமாக விட்டுவிடலாம்.

மதில் ரகசியம் பிடித்தவர்களும் இதை வாசிப்பீர்கள் என்பதால் அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012இல் வந்த 'ஃப்ரம் த நியூ வேர்ல்ட்', 25 எபிசோட், கிஷி யூசுகே என்பவரின் நாவல். ஆயிரம் வருடத்துக்குப் பிறகான ஜப்பான், மனத்தால் பொருட்களை அசைக்கக்கூடிய மனிதர்கள், அமைதியான கிராமம், திடீரென்று காணாமல்போகும் பிள்ளைகள். சண்டை குறைவு, பயம் அதிகம். கடைசி எபிசோடில் தெரியவரும் உண்மை டைட்டனின் நிலவறையில் வெளிவரும் ரகசியத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. 'நைட்ஸ் ஒஃப் சிடோனியா' 2014இல் வந்தது, விண்வெளிக் கப்பலில் எஞ்சிய மனிதர்களின் கதை. அதில் மனித உடலையே மாற்றி, செடி மாதிரி வெளிச்சத்தில் உணவு தயாரிக்க வைத்திருப்பார்கள். நிலத்தடியில் வளர்ந்த கதாநாயகன் மட்டும் பாவம், சோறு தேடி அலைவான். முழுக்கக் கணினி முப்பரிமாணம் என்பதால் முகங்கள் மரம் மாதிரி இருக்கும். அது உறுத்தினால் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

'கோட் கியாஸ்' பற்றி நிச்சயம் யாராவது சொல்வார்கள். 2006இல் தொடங்கியது, இரண்டு சீசன், 50 எபிசோட், இயக்கம் டனிகுச்சி கோரோ. பேரரசு ஒன்று ஜப்பானைப் பிடித்து அதற்கு ஒரு இலக்கத்தைப் பெயராக வைக்கிறது, ஆட்களையும் அந்த இலக்கத்தாலேயே கூப்பிடுகிறது. மூளையால் யுத்தம் செய்யும் ஒரு மாணவன், அவன் போடும் முகமூடி, அவன் கொடுக்கும் விலை. டைட்டனில் கதாநாயகன் எரென் மாறும் விதம் உங்களைப் பிடித்து உலுக்கியது என்றால் இதுவும் உலுக்கும். ஆனால் இடையிடையே பள்ளிக்கூடக் கும்மாளம் வரும், பூனையைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். அந்த மாற்றம் சிலருக்கு எரிச்சலாக இருக்கும். என் கணக்கில் இது எய்ட்டி சிக்ஸுக்கு அடுத்ததுதான், ஆனால் முடிவு என்று பார்த்தால் அனிமேயில் இதைவிட நன்றாக முடிந்த தொடர்கள் குறைவு.

எட்ஜ்ரன்னர்ஸ் விஷயம் வேறு. அது 2022இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது, ட்ரிகர் ஸ்டூடியோ, இயக்கம் இமாஇஷி ஹிரோயுகி. கதாநாயகன் டேவிட் முதுகில் வேகத்தைக் கூட்டும் அந்தக் கருவியைப் பூட்டிக்கொண்டு ஓடும் இடத்தை நிறுத்திப் பாருங்கள். அவன் போன வழியெல்லாம் பச்சை, ஊதா என்று நிறம் மாறும் அசையாத உருவங்களாக நிற்கும். வேகத்தைக் காட்ட அசைவைக் கூட்டாமல், நிறுத்தி வைத்தே காட்டுகிறார்கள். செலவைச் சுருக்கும் பழைய தந்திரத்தை அழகாக மாற்றுவதில் இமாஇஷி கெட்டிக்காரர். உங்களைப் பிடித்தது இந்தத் துள்ளல்தான் என்றால், அவருடைய 'குரென் லகான்' 27 எபிசோடும் (2007), 'ப்ரொமாரே' படமும் (2019) இருக்கின்றன. ஆனால் ஒன்று, அவை இரண்டும் சந்தோஷமான கூச்சல். எட்ஜ்ரன்னர்ஸைப் பார்த்துவிட்டு அழுதவர்கள் அங்கே அந்த அழுகையைத் தேடினால் கிடைக்காது. குரென் லகானில் ஒரு இடத்தில் கிடைக்கும், அதை நான் சொல்லமாட்டேன்.

நகரம் ஒரு பெடியனைத் தின்னும் துக்கம்தான் உங்களைப் பிடித்தது என்றால் 'அகிரா'வுக்குப் போங்கள். 1988, ஒட்டோமோ கட்சுஹிரோ. ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டம், அதில் இரண்டு சிநேகிதர்கள், அதில் சின்னவனுக்கு அளவுக்கு மிஞ்சிய சக்தி வந்துவிடுகிறது. கதை நடப்பது 2019இல், நாம் அந்த வருடத்தைத் தாண்டியே வந்துவிட்டோம். இரண்டு மணித்தியாலம் இருக்கிற இடத்தில் நல்ல சத்தத்தோடு பாருங்கள், ஃபோனில் வேண்டாம். உடலை இயந்திரமாக்கினால் மனிதன் எதுவரை மனிதன் என்ற கேள்வி பிடித்தது என்றால் 'கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் கொம்ப்ளெக்ஸ்'. 2002இல் தொடங்கியது, கமியாமா கென்ஜி இயக்கம், முதல் சீசன் 26 எபிசோட். தனிக் கதைகளும் தொடர் கதையும் மாறி மாறி வரும். 'சிரிக்கும் மனிதன்' என்ற ஹேக்கரைத் தேடும் பெரிய வழக்கு 4ஆவது எபிசோடில்தான் தொடங்குகிறது. அதுவரை பொறுமை வேண்டும். 'கோஸ்ட் இன் த ஷெல்' என்றே 1995இல் வந்த ஒஷீ மமோருவின் படம் அழகு, ஆனால் முதலில் அதைப் பார்த்துத் தூங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

பீபாப்புக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் நிறுத்திய இடம்தான் எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. வட்டனபே ஷினிச்சிரோ 1998இல் எடுத்த 26 எபிசோட் தொடர் அது. பெரும்பாலானவை தனித்தனிக் கதைகள். கதாநாயகன் ஸ்பைக்கின் பழைய வாழ்க்கையைப் பற்றிய முக்கியக் கதை 5, 12, 13, 25, 26 ஆகிய எபிசோடுகளில்தான் முன்னுக்கு வரும். நீங்கள் 4இல் விட்டுவிட்டீர்கள்! 5ஆவதை மட்டும் ஒரு நாள் இரவு போட்டுப் பாருங்கள். ஒரு தேவாலயம், ஒரு பழைய எதிரி, வர்ணக் கண்ணாடி ஜன்னல் உடைந்து ஸ்பைக் கீழே விழும்போது கன்னோ யோகோவின் இசையில் ஒரு பாடல் எழும். அதுவும் ஒன்றும் செய்யவில்லை என்றால் பீபாப் உங்களுக்கில்லை. வாரத்துக்கு ஒன்றாகப் பார்க்க வேண்டியதை ஒரே இரவில் அடுக்கிப் பார்த்தாலும் அது சலிக்கும். எட்ஜ்ரன்னர்ஸ் பார்த்த வேகத்தில் அதைப் பார்க்காதீர்கள்.

அண்மையில் வந்ததில் எல்லோருக்கும் நான் தூக்கிக் கொடுப்பது 'புளூட்டோ'. 2023, நெட்ஃப்ளிக்ஸ், 8 எபிசோட், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். டெசுகா ஒசாமுவின் 'அஸ்ட்ரோ போய்' கதைகளில் ஒன்றை உரசவா நஓகி பெரியவர்களுக்கான துப்பறியும் கதையாகத் திருப்பி எழுதிய மங்காவிலிருந்து (ஜப்பானியச் சித்திரக்கதை) வந்தது அது. உலகின் மிகச் சிறந்த ஏழு ரோபோக்களை யாரோ ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள். முதல் எபிசோடிலேயே, யுத்தத்தில் நின்ற ஒரு ரோபோ ஸ்கொட்லாந்தில் ஒரு பார்வையற்ற இசையமைப்பாளர் வீட்டில் வேலைக்காரனாக இருக்கிறது. அந்தக் கிழவர் அதைக் கண்டபடி ஏசுவார், கொலை ஆயுதத்துக்குப் பியானோ எதற்கு என்பார். அது பொறுமையாகச் சொல்லும், தனக்கு இனிப் போர்க்களத்துக்குப் போக விருப்பமில்லை, அதனால் வாசிக்கப் பழக வேண்டும் என்று. இதற்கு மேல் சொன்னால் உங்கள் சந்தோஷத்தைக் கெடுத்தவனாவேன். குற்றம், சட்டம், துப்பாக்கி என்று வேகமாக வேண்டுமென்றால் 'சைக்கோ பாஸ்' முதல் சீசன், 22 எபிசோட். எழுதியவர் உரோபுச்சி கென், ஆளின் மனநிலையை அளந்து சுடலாமா வேண்டாமா என்று துப்பாக்கியே தீர்மானிக்கும். இரண்டாவது சீசனுக்கு எழுத்தாளர் மாறினார், தரமும் மாறியது. முதலாவதோடு நிறுத்தினால் நட்டமில்லை.

இதுவரை சொன்னவை நான் துணிந்து சொல்லக்கூடியவை. 'இவாஞ்சலியன்' விஷயத்தில் அப்படித் துணிய மாட்டேன். 1995இல் வந்த அந்தத் தொடர் இல்லாமல் இன்றைக்கு இருக்கும் பாதித் தொடர்கள் இல்லை. ஆனால் அது ரோபோச் சண்டையாகத் தொடங்கி ஒரு பெடியனின் மனச்சோர்வுக்குள் போய் அங்கேயே கதவைச் சாத்திக்கொள்ளும். கடையில் அதைக் கொண்டுபோனவர்களில் பாதிப்பேர் திருப்பித் தரும்போது என்னை முறைத்தார்கள், மிச்சப் பேர் அதை விலைக்கு வாங்கிப் போனார்கள். நீங்கள் எந்தப் பாதி என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. 'கண்டம்' (Gundam) என்ற ரோபோத் தொடர் இன்னும் சிக்கல். 1979இல் டொமினோ யோஷியுகி தொடங்கியது இன்றுவரை கிளை விட்டுக்கொண்டே போகிறது. தனியாக நிற்கும் ஒன்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். சிறுவர் படையாளிகளைப் பற்றிய 'அயன் பிளட்டட் ஓர்ஃபன்ஸ்' 50 எபிசோட், நல்லது, ஆனால் எய்ட்டி சிக்ஸ் பார்த்த கையோடு வேண்டாம், மனசு தாங்காது.

தம்பிக்கு. எட்ஜ்ரன்னர்ஸ், சைக்கோ பாஸ் இரண்டையும் அவன் இருக்கும்போது போடவே வேண்டாம். இரத்தம் மட்டுமல்ல, எட்ஜ்ரன்னர்ஸில் படுக்கையறைச் சங்கதிகளும் இருக்கின்றன. அவனுக்குக் 'கைஜு நம்பர் 8' சரி. ராட்சத மிருகங்களின் பிணத்தைத் துப்புரவாக்கும் 32 வயது மனிதன் ஒருவன் தானே ராட்சதனாகிவிடுகிற கதை, சிரிப்பும் அடிதடியும் கலந்தது. அவனோடு நீங்களும் இருந்து பார்க்கக்கூடியது 'பிளானட்டெஸ்', 2003, 26 எபிசோட். கோட் கியாஸ் எடுத்த அதே டனிகுச்சிதான். 2075இல் விண்வெளிக் குப்பை பொறுக்கும் ஆட்களைப் பற்றியது. ஒரு ஸ்குரூ ஆணி பயணிகள் கலம் ஒன்றின் ஜன்னலில் மோதி ஒரு குடும்பத்தையே குலைத்துவிடும், அதனால்தான் இந்த வேலை. அலுவலகத்தில் அவர்களை ஒருவரும் மதிப்பதில்லை, பட்ஜெட்டும் கிடைப்பதில்லை. முதல் சில எபிசோட் அலுவலகப் பகிடியாகப் போகும், பாதிக்குப் பிறகு இறுகும்.

பார்க்கும் வழி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நெட்ஃப்ளிக்ஸில் எது இருக்கிறது, இல்லை என்பது நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் மாறும். புளூட்டோவும் எட்ஜ்ரன்னர்ஸும் அவர்களுடைய சொந்தச் சரக்கு என்பதால் அவை போகாது. மற்றவற்றைத் தேடும்போது யூடியூபில் மியூஸ் ஏசியா சனலையும் ஒருக்கால் பாருங்கள், உரிமையோடு இலவசமாகப் போடுகிறார்கள். தம்பிக்குச் சப்டைட்டில் ஓடி வாசிக்கக் கஷ்டமென்றால் ஆங்கில டப்பிங் கேட்பதில் ஒரு கேவலமும் இல்லை. பீபாப்பின் ஆங்கிலக் குரல்கள் ஜப்பானியக் குரல்களுக்குச் சமமாக நிற்கும். எய்ட்டி சிக்ஸை மட்டும் ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள், அதில் பாதிக் கதை லேனாவின் மூச்சில் இருக்கிறது. 4ஆவது எபிசோட் முடிந்ததும் எந்த இடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தீர்கள் என்று எழுதினால், அதற்கு அடுத்ததை இதைவிடச் சரியாகச் சொல்வேன்.